பிடி

சென்ற ஜூன் மாதம் சேலத்து வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றினார்கள். படிக்கட்டுக்கு அடியில் இருந்த பழையதை வெளியே இழுத்தபோது, அதன் பின்னால் ஒரு நீலப் பை கிடந்திருக்கிறது. அம்மா தொலைபேசியில் கேட்டார்: “உன்னோட மலையேற்ற சாமான் போலிருக்குது கண்ணு. வச்சிக்கிறதா, தூக்கிப் போட்டுடறதா?”

வைத்திருக்கச் சொன்னேன். அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். மூன்றாம் இயலின் திருத்தங்கள் நெறியாளரின் மேசைக்குப் போயாக வேண்டிய வாரம் அது என்பதை இங்கே படிக்கும் ஆய்வாளர்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன். இயலிலிருந்து தப்பிக்க மனம் எந்த வாயிலையும் தேடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இளங்கலை படிக்க 2016இல் பெங்களூருக்கு வந்தேன். கண்டீரவா விளையாட்டரங்கில் இருக்கும் செயற்கை ஏறுசுவர்தான் எனக்கு அந்நகரத்தின் முதல் பரிச்சயம். பிறகு வார இறுதிகளில் மைசூர்ச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போய் இராமநகரத்துப் பாறைகள். 2019 ஜனவரியோடு அது நின்றது. முதுகலைக்கு வேறு நகரம், மொழியியல், பிறகு மீண்டும் பெங்களூர், முனைவர் பட்டம். ஆறரை ஆண்டுகள் நான் ஏறியவை நூலகப் படிகள் மட்டுமே.

திண்ணையில் பையைக் கொட்டினேன். இடுப்பில் பூட்டிக்கொள்ளும் ஹார்னஸ் ஒன்று, ஏறுகாலணி ஒரு ஜோடி, நான்கு காராபினர்கள், தலைக்கவசம், கல்லாய் இறுகிப்போன சாக் பவுடர். எல்லாம் நான் விட்டுச் சென்றபடியே இருந்தன. ஹார்னஸில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நிறமும் வெளுக்கவில்லை.

அதுதான் சிக்கல். ஏறுவோர் பயன்படுத்தும் பொருட்களில் உலோகம் தன் கேட்டை ஒளிக்காது. கயிறு அறுத்த பள்ளம் கண்ணுக்குத் தெரியும். பூட்டின் சுருள்வில் தளர்ந்தால் விரலுக்குத் தெரியும். நெய்த பொருள் அப்படியன்று. ஹார்னஸின் பட்டைகள் பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளால் ஆனவை. நைலானுக்குக் கொடிய பகை அமிலம். பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டால்கூட இழையின் வலிமை குன்றும். பார்வைக்கோ புதிதுபோலவே இருக்கும். பை ஆறு ஆண்டுகள் உறங்கியது ஓர் அமிலப் பெட்டியின் முதுகில். நான்கு காராபினர்களில் இரண்டில் அலுமினியம் வெண்பொடியாகப் பூத்திருந்தது. உலோகத்துக்கே இந்தக் கதி என்றால் பட்டைக்கு என்ன ஆகியிருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

தையலின் உட்பக்கம் இருந்த சிறு சீட்டில் தயாரிப்பு ஆண்டு 2015. பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் தயாரித்த நாளிலிருந்து பத்தாண்டுக்கு மேல் இத்தகைய பொருட்களை நம்பக்கூடாது என்பது தயாரிப்பாளர் பலரும் சொல்லும் வரம்பு. ஆக, இரண்டு காரணங்களாலும் அது கழிக்கப்பட வேண்டியது. அமெரிக்காவின் பெயர்பெற்ற ஏறுநர் டாட் ஸ்கின்னர் 2006 அக்டோபரில் யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் இறந்தது கயிறு அறுந்ததால் அன்று. ஹார்னஸின் முன்வளையம் தேய்ந்து அறுந்ததால். அது தேய்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது, புதியதற்குச் சொல்லியும் வைத்திருந்தார் என்று பின்னர் செய்திகள் வந்தன. புதிதாக இருக்கும்போது அந்த வளையம் குறைந்தது 15 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 1500 கிலோ எடை தொங்கும் விசையைத் தாங்கவேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. இத்தனை பெரிய எண்ணைப் படித்துவிட்டு, ‘கொஞ்சம் தேய்ந்தால் என்ன’ என்று நினைப்பது மனித இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன்.

கழிக்கும் ஹார்னஸை முழுதாகக் குப்பையில் போடக்கூடாது. வேறொருவர் எடுத்துப் பயன்படுத்திவிடலாம். கத்தரிக்கோலால் வளையத்தை வெட்டினேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “நல்லா இருக்கறதப் போயி வெட்டுற. ஒரு பிரி கூட விடலையே.” வெட்டிய பட்டைகளை அவர் மொட்டை மாடியில் துணிக்கொடி கட்ட எடுத்துக்கொண்டார். ஈரப் போர்வையைத் தாங்கும் வலிமை அதற்கு இன்னும் இருக்கிறது.

மாமா ஒருவர் அன்று மாலை ஒரு காணொளி அனுப்பினார். சித்திரதுர்காக் கோட்டைச் சுவரில் வெறுங்கையோடு ஏறும் ஜோதிராஜ். தமிழ்நாட்டில் பிறந்து கன்னட நாட்டில் புகழ்பெற்றவர். ‘கோதிராஜ்’, குரங்கரசன் என்று அங்கே அழைப்பார்கள். ‘இவருக்கு என்ன கருவி இருக்கிறது?’ என்பது மாமாவின் கேள்வி. பதில் எழுதவில்லை. அவர் ஒருநாளும் ஏறுவதை நிறுத்தியவர் அல்லர் என்பதே என் பதிலாக இருந்திருக்கும்.

பெங்களூர் திரும்பியதும் விரிதாள் ஒன்றைத் திறந்தேன். முதல் பத்தியில் பொருள், இரண்டில் எடை, மூன்றில் விலை, நான்கில் குறிப்புகள். ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் என்று மூன்று மாதம் அதை நிரப்பினேன். என் ஆய்வின் தரவுத்தளம்கூட அத்தனை ஒழுங்காக இல்லை.

காலணியில்தான் அதிக நாள் கழிந்தது. அங்கேதான் கற்றுக்கொள்ளவும் இருந்தது. என் பழைய காலணி, முனை கீழ்நோக்கி வளைந்து, விரல்களை மடக்கிப் பிடிக்கும் வகை. முன்சாய்ந்த சுவரில் சிறு விளிம்பைக் கால்விரலால் கொக்கிபோல இழுக்க உதவுவது. 2018இல் நான் அத்தகைய சுவர்களில் பைத்தியமாக இருந்தேன். இப்போது அதைப் போட்டுப் பார்த்தேன். கால் உள்ளே போக மறுத்தது. பாதம் வளர்ந்துவிடவில்லை, எடை கூடும்போதும் ஆண்டுகள் ஏறும்போதும் பாத வளைவு சற்றுத் தட்டையாகிப் பாதம் நீள்கிறது, அகல்கிறது. அடிப்பகுதி ரப்பரும் காற்றுப்பட்டு இறுகி, நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத அளவு கெட்டியாகியிருந்தது. இத்தகைய ரப்பரை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்கலாம், அடியை மாற்றித் தைக்கலாம். காலை மாற்றித் தைக்க முடியாது.

கடையில் என் வயதில் பாதி இருப்பார்போல் தோன்றிய விற்பனையாளர், “முன்னாடி என்ன போட்டிருந்தீங்க?” என்று கேட்டார். சொன்னேன். அதன் இன்றைய வடிவத்தை எடுத்து வைத்தார். அழகாக இருந்தது. ஒரு நொடி, இருபது வயதுக்காரிக்கு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. அவர் கேட்கவேண்டிய கேள்வி, எங்கே ஏறப்போகிறீர்கள் என்பது. இராமநகரத்துப் பாறை முன்சாய்ந்தது அன்று, பெரும்பாலும் சரிவு. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையான கருங்கல். குளோஸ்பேட் கருங்கல் என்று அதற்கு நிலவியலில் பெயர். பாரி குளோஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் ஊர் குளோஸ்பேட் ஆகி, பிறகு இராமநகரம் ஆயிற்று. இப்போது மாவட்டத்தின் பெயரைப் பெங்களூர் தெற்கு என்று மாற்றியிருக்கிறார்கள். கல்லின் பெயர் மட்டும் பழைய அதிகாரியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சரிவில் பிடிக்க விளிம்பு இராது. உள்ளங்காலின் முன்பகுதியை முழுதாகப் பாறையில் அப்பி, உராய்வை நம்பி எழவேண்டும். அதற்குத் தட்டையான, மென்மையான, விரல்கள் நேராகக் கிடக்கும் காலணிதான் ஏற்றது. தொடக்கநிலையாளருக்கு என்று எழுதிய அட்டையின்கீழ் அது இருந்தது. அரை அளவு பெரிதாக எடுத்தேன். தோல் காலணி பழகப் பழகத் தளரும், செயற்கைத் துணி அவ்வளவு தளராது; ஆகவே தோல் அல்லாததை இறுக்கமாக வாங்கி நம்பிக்கையோடு காத்திருப்பது வீண்.

தொடக்கநிலை என்ற அட்டை உறுத்தவே செய்தது. என் ஆய்வுப்பொருள் மொழித்தேய்வு: பெங்களூரில் மூன்றாம் தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் தமிழ் எந்த வரிசையில் கழன்று போகிறது என்பது. மறந்தது முற்றாக மறைவதில்லை என்பது இத்துறையின் பழைய நம்பிக்கை. எப்பிங்ஹவுஸ் 1885இல் தன் நினைவாற்றலையே சோதித்து, மறந்ததை மீண்டும் கற்கப் புதிதாகக் கற்பதைவிடக் குறைந்த நேரமே ஆகிறது என்று அளந்து காட்டினார். அந்த மிச்சத்தைச் சேமிப்பு என்றார். பின்வந்தவர்கள் அதே முறையைக் கைவிட்ட மொழிகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். அல்சூரில் நான் சந்தித்த மூதாட்டி ஒருவர், தமிழ் வராது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, நாற்பது நிமிடத்தில் தன் பாட்டியின் குரலில் என்னைத் திட்டினார். சேமிப்பு என்றால் என்ன என்று எனக்கு விளங்கிய நாள் அது.

உடலுக்கும் அப்படித்தான் என்று எண்ணி ஏமாறுவது எளிது. அசைவின் நினைவு விரைந்து திரும்பும். தசையும் சில வாரங்களில் பழைய நிலையை நோக்கி வரும். தசைநாணும், விரலெலும்போடு அதை அணைத்துப் பிடிக்கும் வளையத் தசைநார்களும் அப்படித் திரும்புவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். திரும்பி வருவோருக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவரால் விரலை அறுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய பிடியில் தொங்க முடியாது. திரும்பி வருபவருக்கு எப்படித் தொங்குவதென்று தெரியும். தெரிந்த அறிவு, தயாராகாத விரலைக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே தொடக்கநிலைக் காலணி எனக்கு அவமானம் அன்று, கடிவாளம். முன்சாய்ந்த சுவருக்கு அது என்னைப் போகவிடாது.

ஹார்னஸ் எளிதில் முடிந்தது. இடுப்பளவு மாறியிருந்ததால், கால்வளையங்களையும் தளர்த்திக்கொள்ளக்கூடிய ஒன்று. எடை குறைந்தது வேண்டாம். அந்த நூறு கிராமில் நான் எதையும் வெல்லப்போவதில்லை.

விரிதாளில் ஒரு வரி மட்டும் செப்டம்பர் வரை காலியாக இருந்தது. கயிறு காக்கும் கருவி.

அதைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் 2019 ஜனவரியைச் சொல்லவேண்டும். இராமநகரத்தில் ஒரு சரிவுப்பாறை. பிணந்தின்னிக் கழுகுகளுக்கென்று காப்பிடமாக்கிய குன்றைத் தாண்டி, அப்பால். கயிறு மேலேயுள்ள வளையம் வழியாகப் போய் இறங்கி, கீழே நிற்பவரின் இடுப்பில் இருந்த கிரிகிரி என்னும் கருவிக்குள் செல்கிறது. பெட்ஸல் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. சட்டென்று இழுபட்டால் உள்ளிருக்கும் உருளை திரும்பிக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். இறக்குவதற்கு ஒரு நெம்புகோல் உண்டு. அதை இழுத்தால் கவ்வு தளரும். அன்று கயிறு காத்தவன் முதலாண்டு மாணவன். துமகூருப் பக்கம், தாய்மொழி கன்னடம். கவனமானவன். என்னை அக்கா என்பான். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே சொல்.

பதினைந்து மீட்டர் உயரத்தில் என் இடதுகால் வழுக்கத் தொடங்கியது. கயிற்றை இறுக்கச் சொல்வதற்கு நாங்கள் பழகியிருந்த சொல் ‘டேக்’. அச்சத்தில் அது வரவில்லை. வந்தது தாய்மொழி: பிடி, பிடி.

தமிழின் ‘பிடி’ கன்னடத்தில் ‘ஹிடி’. தமிழின் ‘விடு’ கன்னடத்தில் ‘பிடு’. சொல்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று: பால் ஹாலு, பத்து ஹத்து. சொல்முதல் வகரம் அதிர்வுள்ள பகரமாயிற்று: வா பா, வெண்ணெய் பெண்ணெ. ஆக, ஒரு மொழியின் பற்றிக்கொள், மறுமொழியின் விட்டுவிடு என்பதற்குப் பக்கத்து வீடு. முதல் மெய்யின் அதிர்வும் இறுதி உயிரும் மட்டுமே வேறுபாடு. அதிர்வு வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டுவதுகூட இல்லை. எதிர்காற்றில் இறுதி உயிர் கரைந்துவிட்டது. அவன் காதில் விழுந்தது ‘பிடு’. இறக்கச் சொல்கிறேன் என்று நினைத்து நெம்புகோலைத் திறந்தான். அதே நொடியில் என் கால் வழுக்கியது.

நான்கு மீட்டர் இருக்கும். கீழே ஒரு திட்டில் வலக்கணுக்கால் மோதிய பிறகே அவன் கை நெம்புகோலை விட்டது. கருவி உடனே கவ்விக்கொண்டது. மாவுக்கட்டு ஆறு வாரம். ஆரஞ்சுப் பழங்களோடு விடுதி வாசலில் வந்து நின்று மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்று ஒரே மொழியில் சொன்னேன். பிறகு அவனோடு நான் ஏறவில்லை, யாரோடும் ஏறவில்லை. அவனும் நிறுத்திவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான்காண்டு கழித்து, ஒலிமாற்றம் பற்றிய வகுப்பில் இந்த இரு சொற்களையும் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். கணுக்காலைச் சொல்லவில்லை.

2017இல் வந்த கிரிகிரி பிளஸ் என்ற வடிவத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பதற்றத்தில் நெம்புகோலை அளவுக்கு மீறி இழுத்தால், திறப்பதற்குப் பதிலாகப் பூட்டிக்கொள்ளும். அன்று அது இருந்திருந்தால் என் விழுகை குறைந்திருக்கலாம். அவன் இழுத்தது எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? மூத்த தோழி ஒருத்தி தன் பழைய முதல் வடிவக் கருவியை இலவசமாகத் தர முன்வந்தாள். அது 10 முதல் 11 மில்லிமீட்டர் கயிறுகளுக்கென்று வடித்தது. இன்று எங்கள் குழுவில் இருப்பது 9.5 மில்லிமீட்டர் கயிறு. கருவியும் கயிறும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கவ்வு தாமதிக்கும். நன்றி சொல்லி மறுத்துவிட்டுப் புதியதை வாங்கினேன். விரிதாளிலேயே விலை கூடிய பொருள் அதுதான். அதன் விந்தை என்னவென்றால், என் உயிருக்காக நான் வாங்கும் அந்த ஒன்றை நான் அணியப்போவதில்லை. அது இன்னொருவர் இடுப்பில் இருக்கும்.

யார் இடுப்பில்? மூன்று மாதமாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். வாங்க முடிந்த பொருட்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

மலையேறித் தேனெடுப்பவர்களுக்குச் சங்ககாலத்திலேயே ஏணி இருந்தது. மலைபடுகடாம் அதை ‘மால்பு’ என்கிறது. கணுக்களையே படியாகக் கொண்ட மூங்கில். கருவிக்குப் பெயர் இருக்கிறது. கீழேயோ மேலேயோ நின்று காப்பவருக்கு ஒரு பெயரை நான் தேடிக் களைத்தேன். நீலகிரிக் குறும்பர் வழக்கம் பற்றி மானிடவியலார் எழுதியிருப்பது இந்த இடைவெளியை வேறுவிதமாக நிரப்புகிறது. பாறை முகத்தில் கொடிவடத்தில் தொங்கித் தேனெடுப்பவனுக்கு வடம் காக்க வேண்டியவன் மனைவியின் உடன்பிறந்தான். தங்கையைக் கைம்பெண்ணாக்க அவன் விரும்பமாட்டான் என்பது கணக்கு. கல்லூரியில் நாம் எல்லோரையும் மச்சான் என்று கூப்பிடுகிறோமே, அச்சொல்லில் எடை இருந்த இடம் அது.

அக்டோபரில் அவனுக்கு எழுதினேன். எண் மாறியிருக்கவில்லை. மீண்டும் ஏறத் தொடங்குகிறேன், கயிறு காக்க வருவாயா என்று கன்னடத்தில், தப்பும் தவறுமாக. இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் ஒரே வரி வந்தது: எந்த ஞாயிறு?

கண்டீரவாவில் காலை ஏழு மணி. தாடி வளர்த்திருந்தான். ஒயிட்ஃபீல்டில் வேலை. என் முடிச்சை அவன் இழுத்துப் பார்த்தான். கருவிக்குள் கயிறு சரியான திசையில் போகிறதா என்று நான் பார்த்தேன். எனக்கு ஒன்பது கிலோ கூடியிருந்ததால் அவன் பின்னால் மணல்மூட்டை ஒன்றையும் பூட்டினோம். பழைய நாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் சுவரில் கைவைத்த பிறகு கேட்டான்: “அக்கா, யாவ பதா?”

எந்தச் சொல்? ஹிடி என்றேன். கேட்பவன் அவன், ஆகவே அவன் மொழி. இறக்குவதற்குச் சொல்லே வேண்டாம், நான் சுவரை விட்டு இரு கையும் எடுத்துக் காட்டும்வரை நெம்புகோலைத் தொடாதே. தலையசைத்தான். விடுதி அறையில் ஒரு வாரமாக ஹிடி, ஹிடி என்று சொல்லிப் பழகியிருந்தேன், அறைத்தோழி கவலைப்பட்டாள்.

சுவரின் பாதிக்குமேல் கால் நடுங்கியது. வாய் திறந்தது. “பிடி!”

கயிறு இறுகியது.

இறங்கியதும் காலணியைக் கழற்றி விரல்களை நீட்டிக்கொண்டேன். அரை அளவு கூட எடுத்தது சரிதான். இராமநகரத்துக்கு இன்னும் போகவில்லை. விரல்களுக்கு நான் கொடுத்திருக்கும் தவணை தை வரை இருக்கிறது. மூன்றாம் இயலின் தவணை அதற்கு முன்பே முடிகிறது.